அமலோற்பவம் வீட்டுத் தண்ணீர்

மூன்றாவது வருஷமும் மழை ஏமாற்றியிருந்த ஒரு பங்குனி மாதத்தில், கருவேலங்கோட்டை மாதா கோயில் தெருவில், மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளப் போகிற அமலோற்பவம் காலை ஐந்தரை மணிக்குக் கண் விழித்தபோது அவளுடைய கட்டிலுக்கு அடியில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. கீழே பாய் விரித்துப் படுத்திருந்த அவள் புருஷன் லூர்துசாமி முதுகு நனைந்து எழுந்து, எங்கேயோ குழாய் உடைந்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போய், தெருப்புழுதியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாததைப் பார்த்து, தன் வீட்டில் குழாயே கிடையாது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்து, திரும்பி வந்து ஒரு கை அள்ளிக் குடித்தான். தித்தித்தது. நாற்பத்தாறு வயதில் உப்புக் கரிக்காத தண்ணீரை அவன் அந்த ஊருக்குள் குடித்தது அதுதான் முதல் தடவை.

அமலோற்பவம் கட்டிலில் அசையாமல் கிடந்தாள். ஆறு வருஷமாக அவள் அப்படித்தான் கண் விழித்துக்கொண்டிருந்தாள். முழிப்பு வருவதற்கும் கண் திறப்பதற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளியில் யாரோ நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டு எதையோ இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். நேற்றுச் செய்திருக்க வேண்டிய ஏதோ ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டோம், அதனால் இன்றைக்கு ஒரு உயிர் போகப்போகிறது என்று தெரியும், யாருடைய உயிர் என்றுதான் தெரியாது. திருச்சியில் ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் மகள் செலின் உயிரா, ஷேர் ஆட்டோ ஓட்டுகிற புருஷன் உயிரா, அடுப்பை அணைத்தோமா, கதவைத் தாழ் போட்டோமா என்று மனசு ஒவ்வொரு வாசலாக ஓடிப்போய்த் தட்டும். உள்ளங்கை வேர்க்கும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், வயிறு சில்லிட்டுப் போகும். ஒரு உலை கொதிக்கிற நேரம் இருக்கும் அது. பிறகு தானாக இறங்கிவிடும். எழுந்து வாசல் தெளித்து, கஞ்சியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு மண்டிக்குப் போய்விடுவாள். அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. காரணம் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லாத ஒரு விஷயத்தை எப்படிச் சொல்ல ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு அவள் எழுந்து சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு தட்டை எடுத்துத் தண்ணீரை வாசலுக்கு வாரி இறைக்க ஆரம்பித்தபோது, அடுத்த வீட்டு இருளாயி எட்டிப் பார்த்தாள். இருளாயிக்கு அவளைவிடப் பத்து வயது கூட. அவள் "இறைக்காதே, நில்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் இரண்டு பிளாஸ்டிக் குடங்களோடு திரும்பி வந்தாள். அன்று மத்தியானம், அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு அரைமணி நேரத்தில் மாவாகக் குழைந்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொன்னாள். போர்த் தண்ணீரில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்கிற ஊரில் அதற்குமேல் அத்தாட்சி யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மறுநாள் ஆறு பெண்கள் வந்தார்கள். அந்த வாரம் முடிவதற்குள் வரிசை கரண்டுக் கம்பம் வரைக்கும் நீண்டது.

நாலு நாளைக்கு ஒரு தடவை லாரி வருகிற தெரு அது. வீட்டுக்கு ஐந்து குடம். அந்த ஐந்து குடத்துக்காகத் தலைமயிரைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள் அமலோற்பவம் வீட்டு வாசலில் சத்தமில்லாமல் நின்றார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. லூர்துசாமி மட்டும் கட்டிலை நகர்த்தித் தரையைத் தட்டிப் பார்த்தான். சிமெண்டில் ஒரு விரிசல்கூட இல்லை. வார்டு மெம்பர் சீமைச்சாமி, வெள்ளை வேட்டியைத் தொடைவரை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்து நின்று பார்த்துவிட்டு, இதை இப்படியே விட்டால் ஒழுங்கு இருக்காது என்று அட்டையில் நம்பர் எழுதி வீட்டுக்கு ஒரு டோக்கன் கொடுத்தார்.

ஈஸ்டருக்குச் செலின் ஊருக்கு வந்தாள். இரண்டு நாள் அம்மாவைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள், அந்த இரண்டு காலையிலும் தண்ணீர் குதிகால்கூட நனையாத அளவுக்குத்தான் கசிந்தது. நாற்பது குடங்கள் வெறுமனே திரும்பிப் போயின. அவள் பஸ் ஏறிய மறுநாள் காலை தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அன்று வாசல்படியில் முதல் ஆளாக நின்றிருந்த இருளாயி, கட்டிலில் கண்ணை இறுக மூடிக் கிடந்தவளின் முகத்தையும், அவள் மூச்சு ஏற ஏறத் தரையில் தண்ணீர் ஏறுவதையும், அவள் மூச்சு நிதானப்பட்டதும் தண்ணீர் நின்றுபோனதையும் பார்த்தாள். பார்த்ததைப் பின்னால் நின்றவளிடம் சொன்னாள், அவள் அவளுக்குப் பின்னால் நின்றவளிடம் சொன்னாள், கரண்டுக் கம்பத்தை எட்டும்போது அது ஊருக்கே தெரிந்த சங்கதியாகிவிட்டது. அமலோற்பவத்துக்கு விடிகாலையில் பயம் வருகிறது, பயம்தான் தண்ணீராக நிற்கிறது.

அதற்குப் பிறகு தெரு அவளுக்காக ஒழுங்குபட்டது. ஐந்து மணிக்கு மேல் யாரும் ரேடியோ போடவில்லை, சேவலைக் கூடையால் மூடினார்கள், இருமல் வந்தவர்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அவள் எழுந்து வெளியே வரும்போது, "இன்னைக்கு எப்படி இருந்துச்சு தாயி?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டார்கள். ஆறு வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி அது. தீட்டுத் துணியைப் போல மறைத்து மறைத்து வைத்திருந்த ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்பதே அவளுக்கு முதலில் கூச்சமாகவும் பிறகு ஆறுதலாகவும் இருந்தது. இருளாயியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்து ஒரு பெண் குழந்தையைப் பெற்றபோது, பிள்ளையின் முதல் குளியல் அமலோற்பவத்தின் தண்ணீரில்தான் நடந்தது. பிள்ளையின் நெற்றியில் தண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டு அன்று அவள் மண்டிக்கு நடந்துபோகும்போது தன் கால்கள் இவ்வளவு இலேசாக நடந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தாள்.

லூர்துசாமிக்கும் நல்ல காலமாக இருந்தது. அவன் சுவரின் அடியில் துளை போட்டு ஒரு பைப்பைச் செருகி வெளியே குழாய் மாட்டினான். தெருக்காரர்கள் சேர்ந்து குழாய்க்குக் கீழே சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். 'ஏய் லூர்து' என்று கூப்பிட்டவர்கள் 'லூர்துண்ணே' என்று கூப்பிட்டார்கள். டீக்கடையில் அவனுக்கு முதல் டீ வந்தது. பங்குச் சாமியார் வந்து ஒரு தம்ளர் குடித்துவிட்டு மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார், எழுதவில்லை. தண்ணீர் ஆபீசிலிருந்து ஒரு என்ஜினியர் கண்ணாடிப் பாட்டிலோடு வந்து, பிடித்து, குலுக்கி, வெயிலில் தூக்கிப் பார்த்து, ஒரு ரிஜிஸ்டரில் 'உள்ளூர் ஆதாரம் உள்ளது' என்று எழுதிக்கொண்டு போனார். அடுத்த நாலாவது நாள் லாரி வரவில்லை. அதற்கடுத்த நாலாவது நாளும் வரவில்லை. போய்க் கேட்டதற்கு, மாதா கோயில் தெருவின் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள். தெருவில் யாரும் அதற்காக அப்போது கவலைப்படவில்லை.

மண்டியில் அமலோற்பவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறவள் ஜெய்லானி பீவி. பெரிய பேச்சுக்காரி இல்லை. மிளகாய் நெடியில் எல்லாரும் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்கிற இடத்தில் பேச்சும் குறைவுதான். சித்திரை மாதம் ஒருநாள் கஞ்சி குடிக்கிற நேரத்தில், அந்தத் தண்ணீரைப் பற்றி ஊரே பேசுகிறதே, அது வரும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டாள். அமலோற்பவம் முதல் தடவையாக ஒன்றுவிடாமல் சொன்னாள். ஜெய்லானி கேட்டு முடித்துவிட்டு, தனக்கும் இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஒன்றரை வருஷம் இருந்தது என்றாள். தண்ணீரெல்லாம் வரவில்லை, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"அது வரும்போது படுத்தே கிடக்காதே" என்றாள் ஜெய்லானி. "எந்திரிச்சு உக்காரு. காலைத் தரையில ஊணு. இது பயம், சாவு இல்லைன்னு வாய்விட்டுச் சொல்லு. போறவரைக்கும் சொல்லு. அதோட டாக்டரையும் பாரு, நான் கூட வர்றேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே இருந்த சின்ன வயது டாக்டரம்மா தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்காமல், தூக்கம் எப்படி, பசி எப்படி, எத்தனை வருஷமாக என்று கேட்டு எழுதிக்கொண்டாள். இப்படி நிறையப் பேருக்கு வருகிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மாத்திரை வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றாள். காலையில் விழித்ததும் போனைப் பார்க்காமல், ஒரு வேலையைக் கையில் எடுக்கச் சொன்னாள். அமலோற்பவம் சொன்னபடியே செய்தாள். விழித்ததும் உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் காலை ஊன்றினாள். இது பயம், சாவு இல்லை என்று சொன்னாள். முதலில் அது பொய் போலவே இருந்தது. உடம்பு நம்பவில்லை. ஆனாலும் சொன்னாள். பிறகு எழுந்து, முந்தின நாள் நனைத்து வைத்த பயறை ஒவ்வொன்றாகத் தோல் நீக்கினாள். இரண்டாவது வாரம் தண்ணீர் முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கு இறங்கியது. நாலாவது வாரம் கணுக்காலுக்கு. வைகாசி நடுவில் ஒருநாள் அவள் கண் விழித்து, நெஞ்சில் கை எதுவும் இல்லாததை உணர்ந்து, ஏதோ தப்பு என்று காத்திருந்து, காத்திருந்து, எதுவும் வராமல், ஜன்னலில் வெளிச்சம் விழுவதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். தரை ஈரமாக மட்டும் இருந்தது. வெளியே குழாய் இரண்டு தடவை கொப்புளித்துவிட்டு நின்றது.

தெருக்காரர்கள் அன்று குடங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று நாள் பொறுத்தார்கள். அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் இறங்காத நாட்கள் அவை. கண்மாய் வெடித்துக் கிடந்தது, ஊருணியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் இருந்தது, அதில் எருமைகள் படுத்திருந்தன. தண்ணீர் ஆபீசுக்குப் போனவர்கள், மறுபடி பட்டியலில் ஏற மனுக் கொடுத்து ஆறு மாதம் ஆகும் என்ற பதிலோடு வந்தார்கள். நாலாவது நாள் இருளாயி பேத்தியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். அவள் அமலோற்பவத்தைக் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சிக் கொடுக்கத் தண்ணீர் இல்லை என்று சொன்னாள். மாத்திரையை வேண்டுமானால் மழை வரும் வரைக்கும் தள்ளிவைக்கலாமே என்று, யாருக்கோ சொல்வது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அமலோற்பவம் அன்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு விடிகாலைகளில் சிறு சிறு காரியங்கள் நடந்தன. ஒருநாள் ஐந்தேகால் மணிக்கு யாரோ கதவைப் படபடவென்று தட்டிவிட்டு ஓடினார்கள். ஒருநாள் போன் அடித்தது, எடுத்தால் மூச்சு மட்டும் கேட்டது. ஒருநாள் ஜன்னலுக்கு அடியில் நின்று இரண்டு பெண்கள், திருச்சியில் லேடீஸ் ஹாஸ்டலில் தீப்பிடித்ததாமே என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு தடவையும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது, குடங்கள் வந்தன, கண்ணைப் பார்க்காமல் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் உட்கார்ந்து காலை ஊன்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள், தண்ணீர் இறங்கியது. அவள் தேறிக்கொண்டே வந்தாள். அதுதான் அவர்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஆனி மாதம் ஏழாம் தேதி லூர்துசாமி நாலரை மணிக்கே ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனான். ஐந்தரைக்கு அமலோற்பவத்தின் போன் அடித்தது. தெரியாத நம்பர் என்றால் அவள் எடுப்பதில்லை என்று வைத்திருந்தாள்; ஆனால் அதில் புருஷன் பெயர் வந்தது. எடுத்தாள். பேசியது சீமைச்சாமி.

"லூர்துக்குப் பேச முடியலம்மா, போனை என்கிட்ட குடுத்துட்டான். செலின் ராத்திரி பஸ்ல கெளம்பி வந்துருக்கு. மானாமதுரைகிட்ட பஸ் கவுந்துருச்சு. மனசைத் தைரியமா வச்சுக்கோம்மா."

தண்ணீர் தரையிலிருந்து ஊறவில்லை அன்று. நாலு சுவரிலிருந்தும் வந்தது. கட்டில் மிதந்தது, அரிசிப் பானை மிதந்தது, மாதா படம் மிதந்தது, ஜன்னல் விளிம்பைத் தொட்டு வெளியே வழிந்தது. கதவு தானாகத் திறந்துகொண்டு தண்ணீர் தெருவுக்குள் ஆளை இழுக்கிற வேகத்தில் இறங்கியது. தெரு தயாராக இருந்தது. அண்டாக்கள், டிரம்கள், பிள்ளைகளின் பால்டப்பாக்கள், சாந்துச் சட்டிகள் எல்லாம் வாசல்களில் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. ஊருணிக்கு முந்தின நாளே வாய்க்கால் வெட்டியிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து லூர்துசாமி வந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனைவியின் தோளைப் பிடித்து, செலினுக்கு ஒன்றும் இல்லை, அவள் ஹாஸ்டலில் தூங்கிக்கொண்டிருக்கிறாள், போன் போட்டுத் தருகிறேன் பேசு என்றான். செலின் போனில் பேசினாள். அம்மா, அம்மா என்று கூப்பிட்டாள். அமலோற்பவம் அந்தக் குரலைக் கேட்டாள். கண் எங்கேயோ நிலைத்திருந்தது. தண்ணீர் நிற்கவில்லை.

ஒரு தடவைதான், ஊருணி நிறைகிற வரைக்கும்தான் என்று அவனிடம் சொல்லியிருந்தார்கள். ஒரு உலை கொதிக்கிற நேரத்தில் இறங்கிவிடும் என்று அவனும் நம்பியிருந்தான். அது இறங்கவில்லை. அன்று பகல் முழுக்க ஓடியது, மறுநாளும் ஓடியது. செலின் அன்று சாயங்காலமே வந்து சேர்ந்து, அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்து, நான் இருக்கிறேன் பாரு என்றாள். அமலோற்பவம் மகளின் முகத்தை விரல்களால் தடவிப் பார்த்தாள், மூக்குத்தியைத் தொட்டாள், காதைத் தொட்டாள். "தெரியுது. நீ இருக்க. எனக்குத் தெரியுது" என்றாள். அவள் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. "அதுக்குத் தெரியல" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

ஒன்பது நாள் ஓடியது. ஊருணி கரை தொட்டது. கண்மாயில் முழங்கால் ஆழம் நின்றது, எங்கிருந்தோ கொக்குகள் வந்து இறங்கின. வறண்ட கொல்லைகளில் கத்தரி நாற்று நட்டார்கள். மூன்று வருஷமாகக் கும்பிடாத சாமிக்குக் கிடாய் வெட்டிப் பொங்கல் வைத்தார்கள். முதல் படையலை அமலோற்பவத்தின் வாசலில் வைத்தார்கள், அது தண்ணீரில் அடித்துக்கொண்டு போனது. பக்கத்து ஊர்களிலிருந்து டிராக்டரில் டேங்கர் கட்டிக்கொண்டு வந்தார்கள். உள்ளே அவள் ஈரச்சேலையோடு, விழித்திருக்கும்போதும் அயர்ந்துபோகும்போதும் விலகாத அந்தக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, சோறு இறங்காமல், உள்ளங்கை தோல் ஊறி வெளுத்துச் சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். மாத்திரையைச் செலின் தேடினாள். அது முதல் நாளே வெள்ளத்தில் போயிருந்தது. ஜெய்லானி பீவி தினமும் வந்து தண்ணீருக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் காலை அவள் லூர்துசாமியைப் பார்த்து, இன்னும் இரண்டு நாள் இவளை இங்கே வைத்திருந்தால் பிணத்தைத்தான் தூக்குவாய் என்றாள். அவன் ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

மூன்று பேருமாக அவளைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். ஆட்டோ நகர்ந்தபோது அதன் தளத்திலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்து புழுதியில் கோடு போட்டது. ஜனங்கள் குடத்தோடு கூடவே ஓடிவந்தார்கள், ஓடிக்கொண்டே பிடித்தார்கள். தெருமுனையில் இருளாயி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கே நின்றாள்.

"தம்பி, இன்னும் ஒரு வாரம். பெரிய கண்மாய் நெறையட்டும்" என்றாள்.

லூர்துசாமி, வழியை விடுக்கா என்றான். அவள் விடவில்லை. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தராக வந்து நின்றார்கள், சீமைச்சாமியும் நின்றார். அப்போது செலின் இறங்கிப் போய், இருளாயியின் கையைப் பிடித்து இழுத்துவந்து, அம்மாவின் நெஞ்சில் அந்தக் கையை வைத்து அழுத்தினாள். ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். இருளாயி கையைப் பிடுங்கிக்கொண்டாள். சூடு பட்டவள் போலச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு ஓரமாக நகர்ந்தாள். ஆட்டோ போனது.

திருச்சியில் பாலக்கரைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் ஒற்றை அறை கிடைத்தது. அந்த ஊரில் ஆறு ஓடியது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, அமலோற்பவத்தின் தண்ணீர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மாடியிலிருந்து ஒழுகுகிறது என்று கீழ்வீட்டுக்காரர் மட்டும் இரண்டு தடவை புகார் சொன்னார். லூர்துசாமி வாடகை ஆட்டோ ஓட்டினான். விடியுமுன் எழுந்து பழைய துணிகளால் தரையைத் துடைத்துத் துடைத்து வாளியில் பிழிந்தான். செலின் வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். மாத்திரை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்க ஒரு மாதம் ஆயிற்று, முழங்காலிலிருந்து பாதத்துக்கு இரண்டு மாதம். ஒரு காலையில் அவன் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டாள்.

"மெம்பர் போன்ல பேசும்போது நீங்க பக்கத்துல நின்னீங்களா?"

அவன் துணியைப் பிழிவதை நிறுத்தாமல், "நின்னேன்" என்றான்.

அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவனுக்குச் சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், அவன் எண்ணை மட்டும் தன் போனிலிருந்து எடுத்துவிட்டாள்.

கருவேலங்கோட்டையில் ஊருணித் தண்ணீர் ஆடி முடிவதற்குள் பச்சையாகிவிட்டது. கண்மாய்த் தண்ணீரைப் பெரிய நிலக்காரர்கள் மோட்டார் வைத்து உறிஞ்சிக்கொண்டார்கள். தெரு மறுபடி பட்டியலில் ஏறவில்லை. காலிக்குடங்களோடு ரோட்டை மறித்தார்கள், போலீஸ் வந்து பேசிவிட்டுப் போனது. பதினோரு குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூர் பக்கம் போய்விட்டன. மீதியிருந்தவர்கள் விடிகாலையில் கண் விழிக்கும்போது, இன்றைக்குக் குடிக்க என்ன செய்வது என்று நெஞ்சு அடைத்துக்கொண்டது. கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் தொட்டுப் பார்த்தார்கள். தரை காய்ந்துதான் கிடந்தது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம், இருளாயி ஒரு மஞ்சள் பையோடு பாலக்கரை வீட்டின் மாடிப்படி ஏறி வந்தாள். விலாசத்தை ஜெய்லானி பீவியிடம் வாங்கியிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நின்றுகொண்டே, ஆவணி மாதம் பேத்திக்கு வயிற்றுப்போக்கு கண்டு மூன்றே நாளில் போய்விட்டது என்று சொன்னாள். ஊருணித் தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தார்களாம்.

"உன் தண்ணி இருந்திருந்தா எம்பிள்ளை இருந்திருக்கும்" என்றாள். "இதச் சொல்லணும்னுதான் பஸ் ஏறி வந்தேன்."

அந்தக் குழந்தையின் நெற்றியில் வழிந்த தண்ணீர் அமலோற்பவத்தின் கண்ணுக்குள் வந்து நின்றது. கடைசி பஸ் போய்விட்டிருக்கும் என்று மட்டும் சொன்னாள். சோறு போட்டாள், இருளாயி பாதியில் கையைக் கழுவிவிட்டாள். கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தான் கீழே பாயில் படுத்தாள்.

விடிகாலையில் அமலோற்பவத்துக்கு முழிப்பு வந்தபோது நெஞ்சில் அந்தக் கை இலேசாகத்தான் இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள். உள்ளங்காலுக்கு அடியில் தரை கொஞ்சம் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அப்போது மேலே மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. இருளாயி மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை, இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தை, யாரோ இழுத்துக்கொண்டு போவதைத் தடுப்பவள் போலப் பிடித்திருந்தாள். உதடு எதையோ சொல்லப் பார்த்தது, நாக்கு எழவில்லை.

அமலோற்பவம் அவளைக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்தாள். கால்களைக் கீழே இறக்கிவிட்டாள். முதுகில் கையை வைத்துக்கொண்டு, மூச்சை மெதுவாக விடச் சொன்னாள், இது பயம்தான் என்று சொன்னாள், இறங்கிவிடும் என்று சொன்னாள். கீழே தெருவில் பால்காரரின் மணி கேட்டது, ஒரு பஸ் போனது, ஜன்னல் வெளுத்தது. அவள் மறுபடியும் அதையே சொன்னாள். கடைசியில் இருளாயியின் விரல்கள் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக விட்டன.

பிள்ளை போனதிலிருந்து தினமும் விடிந்தால் இப்படித்தான் வருகிறது என்றாள். பிறகு கேட்டாள்:

"உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? தெனமுமா?"

"தெனமும்தான், மதினி."

இருளாயி தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். அன்று ஆட்டோவில் ஒரு நிமிஷம் அவளுடைய இதே கை அமலோற்பவத்தின் நெஞ்சில் இருந்திருக்கிறது.

"இதையா நாங்க குடம் குடமாத் தூக்கிட்டுப் போயிக் குடிச்சோம்?" என்றாள்.

"ஆமா மதினி" என்றாள் அமலோற்பவம்.